உயிர்க்காற்றும் குறைமாதக் குழந்தையும்

உயிர்கள் காற்றினால் வாழ்கின்றன என்பது கல்லாதாரும் அறிந்த உண்மை. நாம் உட்கொள்ளும் காற்றை நூறு பங்காக வகுப்பின் ஏறத்தாழ 78 பங்கு நைதரசனும் 21 பங்கு ஒட்சிசனுமாக இருத்தலைக் காணலாம். இவ்விரண்டனுள் உயிரைத் தாங்குவது ஒட்சிசனே. அதனாலன்றோ நம் முன்னோர் அதனைப் பிராணவாயு எனப் போற்றினர்! ஆயினும், உயிரைத் தாங்கும் அதே வாயு, இடமும் அளவும் தவறியவிடத்து உயிரணுக்களை எரித்தழிக்கவும் வல்லது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் பழமொழிக்கு இதனினும் தெளிந்த சான்று பிறிதொன்றில்லை. அச்சான்று மிக வெளிப்படையாகத் தோன்றும் இடம், மாதம் நிறையுமுன் பிறந்த பச்சிளங்குழந்தையின் சுவாசப்பையாகும்.

விஞ்ஞான உண்மைகளைத் தமிழில் எடுத்துரைத்தல் இயலுமோ என ஐயுற்றோர் ஒருகாலத்தில் இருந்தனர். கல்முனைக்கு அணித்தாகிய காரைதீவிற் பிறந்து, விஞ்ஞான ஆசிரியராயும் இந்துக் கல்லூரி அதிபராயும் பணிபுரிந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) தம் வாழ்வாலேயே அவ்வையத்தை நீக்கினார். அப்பெரியார் வகுத்த வழியிற் சென்று, குறைமாதக் குழந்தையின் மூச்சுத் துன்பத்தையும், ஒட்சிசன் அதற்குத் துணையும் பகையுமாதலையும், நம் கரைநாட்டார் இது குறித்து அறியவேண்டியனவற்றையும் இக்கட்டுரையில் ஒருவாறு தொகுத்துக் கூற முயல்வாம்.

குறைமாதம் என்பது யாது?

கருப்பையில் குழந்தை வளரும் காலம் ஏறக்குறைய நாற்பது வாரம். முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 134 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. பத்துக் குழந்தைகளுள் ஒன்று என்று கொள்ளலாம்.

ஏழாம் மாதத்திற் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்திற் பிறந்த பிள்ளை பிழையாது என்றோர் எண்ணம் மூதாட்டியர் சிலரிடையே உண்டு. பண்டைக் கிரேக்கரிடத்தும் இவ்வெண்ணம் வழங்கிற்று. இது முற்றிலும் தவறாகும். கருப்பையிற் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் பிழைக்கும் வாய்ப்பை உயர்த்துகிறது. எட்டாம் மாதத்துப் பிள்ளை ஏழாம் மாதத்துப் பிள்ளையிலும் வலியது. பயிர் பால்கட்டி முற்றும் இறுதி வாரங்களின் அருமையைச் சம்மாந்துறை வயலில் நின்ற உழவர் நன்கறிவர். சுவாசப்பையின் செய்தியும் அத்தகையதே. அது முற்றுவது இறுதி வாரங்களிலேயாம்.

முதல் மூச்சு

கருப்பையில் உள்ள குழந்தை மூச்சு விடுவதில்லை. அதன் சுவாசப்பை நீரால் நிறைந்திருக்கும். வேண்டிய ஒட்சிசனைத் தாயின் குருதியிலிருந்து சூல்வித்தகமும் கொப்பூழ்க்கொடியும் கொண்டுவந்து சேர்க்கின்றன. அவ்வாறு சேரும் ஒட்சிசனின் அழுத்தம் இரசநிரலில் 25 முதல் 30 மில்லிமீற்றர் வரையே இருக்கும். வளர்ந்தோர் குருதியில் இது 90 அல்லது 100 ஆகும். எவரெஸ்ற் மலையுச்சியில் நிற்பவன் உடலில் உள்ள நிலைமையோடு கருக்குழந்தையின் நிலைமையை அறிஞர் ஒப்பிடுவர். குறைந்த ஒட்சிசனிற் பழகிய அவ்வுடல், பிறந்த சில நிமிடங்களுக்குள் அதனிலும் இரண்டு மூன்று மடங்கு ஒட்சிசனை எதிர்கொள்ள வேண்டியதாகிறது. மனித வாழ்வில் இதனை ஒத்த திடீர் மாற்றம் பிறிதில்லை.

சுவாசப்பை என்பது எண்ணிறந்த நுண்ணிய சிற்றறைகளின் தொகுதி. ஒவ்வொரு சிற்றறையின் உட்புறத்திலும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. நீரின் பரப்பு எப்பொழுதும் சுருங்க முயல்வது. மழைத்துளி உருண்டையாய் இருத்தற்குக் காரணமாகிய இவ்விசையைப் பரப்பிழுவிசை என்று பௌதிக வகுப்பிற் பயில்கிறோம். சிற்றறையைச் சுருக்கி மூடச்செய்வதும் இதுவே. பிரெஞ்சு அறிஞர் இலப்பிளாசின் விதிப்படி, இத்தகைய குமிழி சுருங்காமல் நிற்பதற்கு வேண்டிய அழுத்தம், பரப்பிழுவிசையின் இருமடங்கை ஆரையாற் பிரித்தால் வரும் ஈவாகும்.

மாணவர் இதனைக் கணித்துப் பார்க்கலாம். சிற்றறையின் ஆரை 0.05 மில்லிமீற்றர் என்க. நீரின் பரப்பிழுவிசை மீற்றருக்கு ஏறத்தாழ 0.07 நியூற்றன். ஆகவே வேண்டிய அழுத்தம் 2800 பசுக்கால். அஃதாவது 28 சென்ரிமீற்றர் உயரமுள்ள நீர்நிரலின் அழுத்தம். ஒரு கிலோகிராம் நிறைகொண்ட சிசு, நிமிடத்துக்கு அறுபது முறை, இத்துணை அழுத்தத்தை எங்ஙனம் உண்டாக்கும்? ஒவ்வொரு மூச்சும் புதிய பலூனை முதன்முறை ஊதுவது போன்ற கடும் உழைப்பாகிவிடும். மேலும், ஆரை குறையுந்தோறும் வேண்டிய அழுத்தம் கூடும் ஆதலின், சுருங்கத் தொடங்கிய சிற்றறை மேன்மேலும் சுருங்கி முற்றாக மூடிவிடும்.

இயற்கை இதற்கு ஒரு வழி செய்துள்ளது. சிற்றறைச் சுவரில் உள்ள ஒருவகைக் கலங்கள், கொழுப்பும் புரதமும் கலந்த வழவழப்பான பொருளொன்றைச் சுரக்கின்றன. இதனைப் பரப்பிழுவிசை குறைபொருள் என்று கூறலாம். சவர்க்காரம் நீரின் பரப்பைத் தளர்த்துவது போல இதுவும் தளர்த்தும். மூச்சு வெளியேறிச் சிற்றறை சிறுக்கும் வேளையில் இப்பொருள் நெருங்கிச் செறிந்து, பரப்பிழுவிசையை 0.005 நியூற்றனிலும் குறைத்துவிடும். மேற்கூறிய கணிதத்தில் இவ்வெண்ணைப் பெய்து பார்ப்பின், 28 சென்ரிமீற்றர் நீரழுத்தம் 2 சென்ரிமீற்றராகக் குறைதலைக் காணலாம். உயிர் நிலைப்பதும் நீங்குவதும் இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ளன.

இக்குறைபொருள் ஏறக்குறைய இருபத்துநாலாம் வாரத்திற் சிறிது சிறிதாகத் தோன்றத் தொடங்கி, முப்பத்துநாலு அல்லது முப்பத்தைந்தாம் வாரத்திலேயே போதிய அளவை அடைகிறது. அதற்குமுன் பிறந்த குழந்தையின் சிற்றறைகள் ஒவ்வொரு மூச்சிலும் மூடிக்கொள்ளும். மூக்குத்துளை விரிதலும், விலாவிடைத் தசை உள்வாங்கலும், மூச்சு விடுகையில் முனகலும், உடல் நீலம்பாய்தலும் இதன் அறிகுறிகள். மூச்சுத்திணறல் நோய் என்பது இதுவே.

அடுப்பும் பொறியும்

மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஒட்சிசன் கொடுக்க வேண்டும் என்பது எவர்க்கும் தோன்றும் முடிவு. ஆனால் அவ்வொட்சிசன் உடலினுள்ளே யாது செய்கிறது என்பதையும் அறிதல் வேண்டும்.

உடற்கலத்தினுள் உணவு எரிவதற்கு ஒட்சிசன் பயன்படுகிறது. அடுப்பில் விறகு எரிந்து சோறு வேகுவது போன்றது அச்செயல். ஒட்சிசன் மூலக்கூறு நான்கு இலத்திரன்களை ஏற்று நீராக மாறும்போது சத்தி பிறக்கிறது. எனினும் எந்த அடுப்பிலும் சில பொறிகள் வெளியே தெறித்தே தீரும். அவ்வாறே சில ஒட்சிசன் மூலக்கூறுகள் ஓர் இலத்திரனை மட்டும் ஏற்று, சுப்பரொட்சைட்டு என்னும் நிலையற்ற பொருளாகின்றன. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டும், இரும்பின் சேர்க்கையால் ஐதரொட்சில் மூலிகமும் தோன்றுகின்றன. சோடி சேராத இலத்திரனை உடைய இத்தகைய துணிக்கைகளைச் சுயாதீன மூலிகங்கள் என்பர். கிடுகு வேலியிற் பட்ட பொறி வேலி முழுவதையும் பற்றுவதுபோல, இவை கலச்சுவரின் கொழுப்பைத் தாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றாக அழிவைப் பரப்பும். புரதங்களையும், பாரம்பரியத்தைத் தாங்கும் நியூக்கிளிக்கமிலங்களையும் இவை விட்டுவைப்பதில்லை.

பொறியை மிதித்தணைக்கும் காவலரும் உடலில் உளர். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மக்கோட், பிரிடோவிச் ஆகிய இருவரும் சுப்பரொட்சைட்டை அழிக்கும் நொதியத்தைக் கண்டறிந்து கூறினர். கற்றலேசு, குளுற்றாதயோன் பேரொட்சிடேசு என்னும் நொதியங்களும் விற்றமின் ஈ, விற்றமின் சீ முதலியனவும் அக்காவற்படையைச் சேர்ந்தவை. இவற்றை எதிரொட்சியேற்றிகள் என அழைப்பர். பொறிகளின் தொகை காவலரின் ஆற்றலை விஞ்சும் நிலையே ஒட்சியேற்ற நெருக்கீடு எனப்படும்.

குறைமாதக் குழந்தையின் இடர்ப்பாடு இங்கேதான் முழுமையாக விளங்குகிறது. விலங்குகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள், இக்காவல் நொதியங்கள் சுவாசப்பையிற் பெருகுவதும் கருப்பகாலத்தின் இறுதிப் பகுதியிலேயே என்று காட்டின. தாயிடமிருந்து விற்றமின் ஈ குழந்தையைச் சேர்வதும் பெரும்பாலும் அக்காலத்திலேயாம். சிற்றறையைத் திறந்து வைக்கும் குறைபொருளும், ஒட்சிசனின் தீங்கைத் தடுக்கும் காவலும், ஒரே பயணத்துக்கென ஒரே வேளையில் ஆயத்தம் செய்யப்படுகின்றன. குறைமாதக் குழந்தையோ இரண்டும் கைக்கெட்டுமுன் புறப்பட்டு வந்துவிடுகிறது.

இதனால் ஒரு கொடிய சுழல் உண்டாகிறது. குறைபொருள் இன்மையால் குழந்தை திணறுகிறது. திணறுவதால் மிகுந்த ஒட்சிசன் கொடுக்கப்படுகிறது. மிகுந்த ஒட்சிசன் மூலிகங்களைப் பெருக்குகிறது. அம்மூலிகங்கள் குறைபொருளைச் சுரக்கும் கலங்களையே தாக்குகின்றன. குருதிக்குழாய்ச் சுவர் கசிந்து புரதநீர் சிற்றறையினுள் இறங்கி, எஞ்சிய குறைபொருளையும் பயனற்றதாக்குகிறது. குழந்தை முன்னினும் திணறுகிறது. முன்னினும் மிகுந்த ஒட்சிசன் வேண்டப்படுகிறது. இச்சுழலை எவ்விடத்தில் அறுப்பது என்பதே கடந்த எண்பது ஆண்டுகளாக மருத்துவ உலகு விடைதேடிய வினா.

இருபுறமும் பள்ளம்

ஒட்சிசனை 1774 இல் பிரித்தெடுத்த இங்கிலாந்து அறிஞர் பிறீஸ்லி, அடுத்த ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே, இவ்வாயுவில் மெழுகுதிரி விரைந்து எரிந்து முடிவதுபோல உயிரும் விரைந்து தேய்ந்துவிடுமோ என்று ஐயுற்றார். அவ்வையத்தின் ஆழத்தை உலகு உணர நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன.

1942 இல் பொஸ்ரன் நகரின் கண்மருத்துவர் தெறி என்பார், குறைமாதக் குழந்தைகளிடத்தே தோன்றும் புதிய கண்ணோயொன்றை விவரித்தார். விழித்திரையில் குருதிக்குழாய்கள் முறைதவறி வளர்ந்து, திரை கழன்று பார்வை அற்றுப்போகும் நோய் அது. பெருஞ்செல்வமும் நவீன கருவிகளும் உடைய வைத்தியசாலைகளிலேயே அது மிகுந்து காணப்பட்டமை அனைவரையும் மயக்கியது. 1951 இல் அவுஸ்திரேலிய நாட்டு மெல்பேண் நகரின் கேற் கம்பெல் அம்மையார், காரணம் ஒட்சிசனாகலாம் என எழுதினார். 1953 இல் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் கூடி நடத்திய ஆராய்ச்சி அதனை உறுதிசெய்தது. அன்பினால் தாராளமாக வழங்கப்பட்ட ஒட்சிசனால் உலகெங்கும் ஏறத்தாழப் பதினாயிரம் குழந்தைகள் பார்வையிழந்தனர் என்பர். 1954 இல் றெபேக்கா கேஷ்மன் அம்மையாரும் அவர்தம் கூட்டத்தாரும், ஒட்சிசனின் நச்சுத்தன்மையும் எட்சுக் கதிரின் தீங்கும் சுயாதீன மூலிகங்களால் விளைவன என்னும் கருத்தை வெளியிட்டனர்.

அறிவு வந்ததும் மருத்துவர் மறுபுறம் சாய்ந்தனர். ஒட்சிசன் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. குருடாவோர் தொகை குறைந்தது. ஆனால் மூச்சின்றி இறப்போர் தொகை ஏறியது. 1973 இல் கென்னத் குறொஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர், காக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தையின் பார்வைக்கும் ஏறத்தாழப் பதினாறு குழந்தைகளின் உயிர் விலையாகியிருக்கலாம் என மதிப்பிட்டார். மிகையும் கொல்லும், குறையும் கொல்லும் என்பதற்கு இதனிற் கொடிய பாடம் வேண்டுமோ?

மூச்சுத்திணறலின் மெய்க்காரணம் குறைபொருளின் இன்மையே என்பதை 1959 இல் மேரி எலன் ஏவரி அம்மையாரும் ஜெயர் மீட் என்பாரும் நிறுவினர். எனினும் கண்டறிதலுக்கும் மருந்துக்கும் இடைவெளி நீண்டது. 1963 ஆகத்து 7 ஆம் நாள் அமெரிக்கச் சனாதிபதி கென்னடிக்கு ஐந்து வாரத்துக்கு மேல் முன்னதாகப் பிறந்த மைந்தன் பற்றிக், அழுத்தமிகு ஒட்சிசன் அறையில் வைக்கப்பட்டும், 39 மணித்தியாலமே வாழ்ந்தான். வல்லரசின் தலைவனது செல்வமும் அதிகாரமும் அன்று அப்பிள்ளைக்கு ஒரு மூச்சை வாங்கித்தர இயலவில்லை. 1967 இல் கலிபோர்ணியாவின் நோத்வே என்பாரும் உடனாய்வாளரும், செறிந்த ஒட்சிசனும் மூச்சு இயந்திரமும் கொண்டு பிழைக்கவைத்த குழந்தைகளிடத்தே சுவாசப்பை வடுப்பட்டு நாட்பட்ட நோயாதலையும் விவரித்தனர்.

அதன்பின் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1971 இல் கிறெகரி என்பார், சிற்றறை மூடாதவாறு இடையறாத மெல்லழுத்தத்துடன் காற்றூட்டும் முறையைத் தந்தார். 1972 இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹவி ஆகிய இருவரும், குறைமாதப் பிரசவம் நெருங்கிய தாய்க்குத் தெரோயிட்டு ஊசியிடின் குழந்தையின் சுவாசப்பை விரைந்து முதிர்கிறது எனக் காட்டினர். செம்மறியாட்டு ஆராய்ச்சியிற் பிறந்த இவ்வறிவு எத்தனை குழந்தைகளைக் காத்தது! அவ்வூசி குறைபொருளை மாத்திரமன்றிக் காவல் நொதியங்களையும் பெருக்குதல் விலங்குகளிற் கண்டறியப்பட்டது. 1980 இல் யப்பானிய மருத்துவர் புஜிவாராவும் உடனாய்வாளரும், குறைபொருளையே மருந்தாக்கிப் பத்துக் குழந்தைகளின் சுவாசப்பையிற் செலுத்தி வெற்றி கண்டனர்.

ஒட்சிசனின் அளவைப் பற்றிய ஆராய்ச்சியிலும் நம் அயல்நாடு முன்னின்றது. 1993 இல் புதுதில்லியில் மருத்துவர் றாம்ஜியும் நோர்வே நாட்டுச் சோக்ஸ்டாட் முதலியோரும் 84 குழந்தைகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு, மூச்சின்றிப் பிறந்த குழந்தையை எழுப்பத் தூய ஒட்சிசன் கட்டாயமன்று, சாதாரணக் காற்றே போதும் எனக் காட்டியது. பின்வந்த ஆராய்ச்சிகள் அதனை ஆதரிக்கவே, 2010 இல் உலக வழிகாட்டல்களும் மாறின. நிறைமாதக் குழந்தைக்குக் காற்றுடன் தொடங்குதலும், குறைமாதக் குழந்தைக்கு நூற்றுக்கு 21 முதல் 30 வரையான ஒட்சிசனுடன் தொடங்கி அளந்து உயர்த்தலும் பின்னர் வழக்கமாயின.

எவ்வளவு போதும் என்ற வினாவிற்கு 2010 இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று தெளிவு தந்தது. 24 முதல் 27 வாரத்திற் பிறந்த 1316 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். குருதியின் ஒட்சிசன் நிரம்பலை ஒரு பிரிவில் நூற்றுக்கு 85 முதல் 89 ஆகவும், மற்றதில் 91 முதல் 95 ஆகவும் வைக்க முயன்றனர். கடுமையான கண்ணோய் முதற்பிரிவில் நூற்றுக்கு 8.6, இரண்டாம் பிரிவில் 17.9. ஆனால் வைத்தியசாலையிலேயே இறந்தோர் முதற்பிரிவில் 19.9, இரண்டாம் பிரிவில் 16.2. குறைத்தால் கண் பிழைக்கிறது, உயிர் நழுவுகிறது. ஆகவே பெரும்பாலும் 90க்கும் 95க்கும் இடையில் நிறுத்தி, கண்ணைத் தவறாது சோதித்து வேளையோடு மருத்துவம் செய்தலே இன்று தக்கதெனக் கொள்ளப்படுகிறது. இருபுறமும் பள்ளமுள்ள ஒற்றையடி வரம்பில் நடப்பது போன்றது இவ்வழி.

எதிரொட்சியேற்றிகளை மருந்தாக ஊட்டினால் என்ன என்று மாணவர் வினவலாம். அங்கும் அளவே ஆட்சி புரிகிறது. 1984 இல் அமெரிக்காவில், நாளம் வழியாகச் செலுத்தப்பட்ட விற்றமின் ஈ மருந்தொன்று 38 குழந்தைகளின் இறப்போடு தொடர்புடையதெனக் கண்டு மீளப்பெறப்பட்டது. விற்றமின் ஏ ஊசி மிகச்சிறு குழந்தைகளுக்கு ஓரளவு பயன் தருமென 1999 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. யாவரும் அஞ்சாது கொள்ளத்தக்க எதிரொட்சியேற்றி தாய்ப்பாலே. அதிற் காவற்பொருள்கள் இயல்பாகவே நிறைந்துள்ளன.

நம் கரைநாட்டார் செய்யத்தக்கவை

மருதமுனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நம் கரைநாடு, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே மொழியைப் பேசி, பிள்ளைப்பேற்றின் இன்பதுன்பங்களை ஒருங்கே நுகர்ந்து வருகின்றனர். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும், வடக்கே மற்றோர் அரச வைத்தியசாலையும் உள. ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை உளது. பொத்துவிலிலிருந்து கல்முனைக்கோ 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. இந்நிலவமைப்பை மனத்திற் கொண்டு சிலவற்றைக் கூறுவாம்.

முதலாவது, காலம். தெரோயிட்டு ஊசியின் முழுப்பயன் கிட்டுதற்கு அது பிரசவத்துக்கு ஒரு நாளேனும் முந்தியிடப்பட வேண்டும். ஆதலால் மாதம் நிறையுமுன் நீர் கசிதல், குருதி படுதல், விட்டுவிட்டு வரும் இடுப்புவலி என்பன தோன்றின், விடியட்டும் என்றோ, வாப்பா கடலால் வரட்டும் என்றோ காத்திருத்தல் ஆகாது. அன்றிரவே வைத்தியசாலை சேர்தல் வேண்டும். பெரிய வைத்தியசாலைக்கு மாற்றவேண்டுமென மருத்துவர் கூறின், பிறந்தபின் போகலாம் எனத் தடுத்தலும் தகாது. குறைமாதக் குழந்தையை ஏற்றிச் செல்லத் தாயின் கருப்பையினும் சிறந்த வாகனம் இன்னும் செய்யப்படவில்லை. நம் ஊர் மருத்துவமாது எழுதித்தரும் கர்ப்பிணிப் பதிவேட்டை எப்பொழுதும் கையில் வைத்திருத்தல் நன்று.

இரண்டாவது, அளவு. ஒட்சிசன் குழாயைக் கண்டதும் உறவினர் மனம் ஆறுதல் அடைவதும், மருத்துவர் அதனைக் குறைத்தால் கலங்குவதும் இயல்பே. கூட்டிக் கொடுங்கள் டொக்டர் என்று மன்றாடுவோரும் உளர். குறைப்பதும் மருத்துவமே என்பதை இனியேனும் உணர்வோமாக. குழந்தையின் பாதத்திற் செந்நிறமாய் ஒளிரும் சிறுகருவி, குருதியின் ஒட்சிசன் நிரம்பலை ஊசி குத்தாமலே அளந்து காட்டுகிறது. யப்பானியராகிய அயோயாகி 1974 இல் வெளியிட்ட தத்துவத்தில் அமைந்தது அது. வைத்தியசாலைகளுக்கு உதவ விழையும் பழைய மாணவர் சங்கங்களும், பள்ளிவாசல் கோயில் நிருவாகத்தாரும், ஒட்சிசன் உருளைகளை மட்டும் எண்ணாது, அதனை அளக்கும் கருவிகளையும் காற்றோடு கலந்தளிக்கும் கருவிகளையும் பற்றி மருத்துவரிடம் கேட்டறிந்து உதவுதல் சாலச் சிறந்தது.

மூன்றாவது, சூடு. உடல் குளிர்ந்தால் அதனைச் சூடாக்கக் குழந்தை மேலும் ஒட்சிசனைச் செலவிடும், திணறல் மிகும். தாயின் மார்போடு குழந்தையின் வெற்றுடலை அணைத்து வைக்கும் கங்காரு முறை, 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் போகொற்றா நகரிற் கருவிகளின் பற்றாக்குறையால் தோன்றியது. 2021 இல், இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆராய்ச்சி, பிறந்தவுடனேயே இதனைத் தொடங்கின் ஒரு மாதத்துக்குள் நிகழும் இறப்பு நூற்றுக்கு 15.7 இலிருந்து 12.0 ஆகக் குறைகிறது எனக் கண்டது. உம்மா களைத்திருந்தால் வாப்பாவும் மூத்தம்மாவும் இப்பணியைச் செய்யலாம். பிள்ளையின் காதிற் பாங்கு சொன்ன தந்தையின் மார்பு அப்பிள்ளைக்குச் சூடும் தரட்டும். ஏழாம் நாள் தலைமுடி களைதல் போன்றவற்றைக் குழந்தை தேறும்வரை பிற்போடுதல் குறித்து மருத்துவரையும் மார்க்கம் அறிந்தோரையும் உசாவுதல் நலம்.

நான்காவது, புகை. வீட்டிற்கு வந்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுதல் நம் இரு சமூகத்தாரிடத்தும் பழக்கமாயுள்ளது. அன்பின் பாற்பட்டதாயினும், வடுப்பட்ட சுவாசப்பைக்கு அது பொறியின்மேற் பொறியாகும். விறகடுப்பின் புகையும், சிகரெட்டுப் புகையும் அத்தன்மையனவே. நாற்பது நாளும் தாயும் சேயும் இருக்கும் அறை, காற்றோட்டம் உள்ளதாயும் புகை நுழையாததாயும் இருத்தல் வேண்டும். நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு ஓடினும், விலா உள்வாங்கினும், முனகினும், உதடு நீலம் பாயினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

ஐந்தாவது, கண். வைத்தியசாலையை விட்டு வரும்போது கண்பரிசோதனைக்கெனக் குறித்துத் தரும் நாளைத் தவறவிடுதல் கூடாது. குழந்தையின் கண் வெளிக்கு அழகாகவே தோன்றும்; நோயோ உள்ளே விழித்திரையில் இருக்கும். சில வாரங்களுக்குள் கண்டால் ஒளிக்கதிர் மருத்துவத்தால் தடுக்கலாம். தவறினால் வாழ்நாள் முழுவதும் இருளே. அறுவடைக் காலமென்றோ, வழி நெடிதென்றோ, பிள்ளை நன்றாய்த்தானே சிரிக்கிறதென்றோ அந்நாளைக் கைவிடுதல், பிழைத்த உயிரின் ஒளியைக் கைவிடுதலாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவது ஒன்றே. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்த கை பார்வையைப் பறித்தது. அஞ்சிக் குறைத்த கை உயிரைப் பறித்தது. அளந்து கொடுக்கக் கற்ற கையே இரண்டையும் காத்தது. அவ்வளவை ஊகத்தாலோ இரக்கத்தாலோ அறிதல் இயலாது. பொறுமையுடன் எண்ணிக் கணித்து, கண்டதை ஒளியாது வெளியிட்ட ஆராய்ச்சியாளராலேயே அஃது அறியப்பட்டது. இன்று வகுப்பறையிற் பரப்பிழுவிசையையும் ஒட்சியேற்றத்தையும் பரீட்சைக்கெனப் பயிலும் மாணவரே, நாளை நம் ஊர் வைத்தியசாலையில் ஒரு சிசுவின் அருகே நின்று, அக்கருவியின் எண்ணை நோக்கி, குழாயைத் திறப்பதோ மூடுவதோ எனத் தீர்மானிக்கப் போகிறவர். அந்நாளில் அவர்தம் கையும் கணக்கும் பிழையாதிருப்பனவாக. நம் கரைநாட்டில் முந்திப் பிறந்த பிள்ளைகளும் நிறைந்த மூச்சும் தெளிந்த பார்வையும் பெற்று, இக்கல்லூரியின் வாயிலிலே ஏடும் எழுதுகோலுமாக வந்து நிற்பாராக.